பட்டர்வொர்த்தில் ஒரு பிடிகே நிலையம்: சிறுபிள்ளைகளுக்கு நன்று, இளையோருக்குப் போதாது

கற்றல் குறைபாடுள்ள பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று பட்டர்வொர்த் வட்டாரத்துப் பெற்றோர் கேட்டால், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் எங்கள் மகன் சென்றுவரும் பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையத்தைத் தயங்காமல் சொல்வேன். 18 வயதை நெருங்கிவிட்ட பிள்ளை என்றால் சற்று யோசித்துத்தான் சொல்வேன்.

பிடிகே என்பது மலேசியச் சமூக நல இலாகாவின் ஆதரவுடன் உள்ளூர்ச் செயற்குழுக்கள் மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் மறுவாழ்வுத் திட்டமாகும். 1984-இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது. பிள்ளையைச் சேர்க்க ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) வேண்டும் என்பதால், மருத்துவரின் உறுதிப்பாட்டுடன் அதற்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கற்றல் குறைபாடு என்ற பிரிவின்கீழ் பதிவு செய்யப்படுகிறார்கள்.

இந்த நிலையத்தின் பலம் அங்குள்ள பணியாளர்களின் பொறுமை. சட்டைப் பொத்தான் போடுவது, பல் துலக்குவது, கழிவறைக்குத் தானாகச் செல்வது, சில்லறையை எண்ணிக் கொடுப்பது ஆகியவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிப்பதோடு, அன்று செய்ததை வீட்டில் எப்படித் தொடர வேண்டும் என்று பெற்றோருக்கும் காட்டிக் கொடுக்கிறார்கள். பயிற்சி மலாயில் நடந்தாலும், தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர் வீட்டில் நாங்கள் சொல்லும் அதே சொற்களைக் கேட்டறிந்து பயன்படுத்தியதில் மகனின் பதற்றம் வெகுவாகக் குறைந்தது. மாதப்படி மட்டுமே பெறும் இவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குறை, பிள்ளை வளர்ந்த பிறகே தெரிகிறது. மீசை அரும்பிய இளைஞர்களும் சிறுவர்களோடு அமர்ந்து மணி கோத்துக்கொண்டிருக்கிறார்கள். பணியிடத்திலேயே உடனிருந்து பழக்கும் வேலைப் பயிற்றுநர் முறையை ஜப்பானின் ஜைக்கா அமைப்பின் துணையுடன் சமூக நல இலாகா இந்நாட்டில் வளர்த்திருக்கிறது. ஆனால், அது பற்றிக் கேட்டபோது இந்த நிலையத்தில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அரசுப் பணியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1 விழுக்காட்டு ஒதுக்கீடு என்ற கொள்கை இருந்தாலும், பழக்கிவிட ஆளில்லாத இளைஞனுக்கு அதனால் என்ன பயன்?

சட்டமும் இங்கே கை கொடுப்பதில்லை. 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (685-ஆவது சட்டம்) வேலை, கல்வி, போக்குவரத்து ஆகிய உரிமைகளைப் பேசுகிறதே தவிர, மீறுவோருக்குத் தண்டனை எதையும் விதிக்கவில்லை; அதன் 41-ஆவது பிரிவு அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுப்பதையும் தடுக்கிறது. ஆகவே நிலையங்களின் தரம் அந்தந்தச் செயற்குழுவின் அக்கறையைப் பொறுத்ததாகிவிடுகிறது.

பெற்றோரின் நிலையும் கணக்கில் எடுக்கப்படவில்லை. நிலையம் நண்பகலோடு மூடப்படுவதால், வேலைக்குச் செல்லும் தாயோ தந்தையோ ஒருவர் வேலையை விட வேண்டியிருக்கிறது; எங்கள் வீட்டில் விட்டவர் என் மனைவி. மாலை வரை திறந்திருந்தால் என் மதிப்பீடு நிச்சயம் உயரும்.

சேர்ப்பதற்கு முன், பேச்சுப் பயிற்சியாளர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், வேலைப் பயிற்றுநருடன் தொடர்பு உண்டா என்ற இரண்டையும் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.