பிட்வார்டனா, கீபாஸ்எக்ஸ்சியா?

கடவுச்சொற்களை குரோமிலேயே சேமித்து வைத்திருப்பவர்களோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. எல்லாத் தளத்துக்கும் பிள்ளையின் பெயரையும் ஐசி எனும் அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்ணையும் ஒட்டிப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கணினியை நோண்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் சீக்கிரமே அதைத் தாண்டி வந்துவிடுவார்கள். அப்போது கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் மென்பொருள்களில், இலவசமாகவும், மூல நிரல் திறந்ததாகவும் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும்: பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் எங்கள் குடும்பத்துக்குள் இரண்டுமே ஓடுகின்றன. நான் கீபாஸ்எக்ஸ்சி கட்சி. அதை மறைத்துக்கொண்டு எழுதப் போவதில்லை.

பிட்வார்டனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமையும். 2016-இல் வந்தது. கணக்குத் திறந்து, கைப்பேசியில் செயலியையும் உலாவியில் நீட்சியையும் போட்டால் வேலை முடிந்தது. இலவசக் கணக்கிலேயே எத்தனை கடவுச்சொல்லும் வைக்கலாம், எத்தனை கருவியிலும் திறக்கலாம். கடவுச்சொற்கள் எல்லாம் அடங்கிய பெட்டகம் உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் அவர்களுடைய சர்வருக்குப் போகிறது.

கீபாஸ்எக்ஸ்சி வேறு ரகம். 2003-இல் தொமினிக் ரைக்ல் விண்டோஸுக்காக எழுதிய கீபாஸின் வழிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் கணக்கும் கிடையாது, சர்வரும் கிடையாது. எல்லாக் கடவுச்சொல்லும் பூட்டிய ஒரே ஒரு கோப்புக்குள் இருக்கும். அந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்பது உங்கள் பாடு.

‘உங்கள் பாடு’ என்றதும்தான் பலர் பின்வாங்குகிறார்கள். கணினியில் ஒரு கோப்பு, கைப்பேசியில் ஒரு கோப்பு, இரண்டும் வேறு வேறாகிப் போனால் என்ன செய்வது? இரண்டில் எதை எடுப்பது என்பதை இந்தக் கேள்விதான் முடிவு செய்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் கோப்பு கூகுள் டிரைவில் இருக்கிறது. கணினியில் கீபாஸ்எக்ஸ்சி, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதே வகைக் கோப்பைத் திறக்கும் கீபாஸ்2ஆண்ட்ராய்டு செயலி. இரண்டும் திறப்பது ஒரே கோப்பைத்தான். பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியில் தெனாகா மின்சாரக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிச் சேமித்தால், வீட்டுக் கணினியில் திறந்திருக்கும் பெட்டகம் கோப்பு மாறியதைக் கவனித்துத் தானே புதுப்பித்துக்கொள்ளும். சிக்கல் வருவது, இணையம் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியே மாறியிருந்தால்தான். அப்போது ஒன்றுக்கு இரண்டாகக் கோப்பு நிற்கலாம். கீபாஸ்எக்ஸ்சியின் தரவுத்தள மெனுவில் ஒன்றிணைக்கும் கட்டளை இருக்கிறது. ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காட்டினால் போதும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி அடையாள எண்ணும் கடைசியாக மாறிய நேரமும் உள்ளே எழுதப்பட்டிருப்பதால், புதியது மேலே நிற்கும், பழையது அந்தப் பதிவின் வரலாற்றுப் பகுதிக்குப் போகும். எதுவும் தொலைவதில்லை. சாதாரண வேர்ட் கோப்பு இரண்டாகப் பிரிந்தால் வரி வரியாக ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்வோமே, அந்தத் தொல்லை இங்கே இல்லை.

முதலில் நானும் டிரைவ் வேண்டாம் என்று சின்க்திங் வழியாகத்தான் ஓட்டினேன். கருவிக்குக் கருவி நேராகப் பேசிக்கொள்ளும் நல்ல மென்பொருள் அது. ஆனால் அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நின்றுபோய், அதிலிருந்து பிரிந்த வேறொரு செயலிதான் தொடர்கிறது. வீட்டாரின் கைப்பேசியிலும் இதைப் பராமரிக்க வேண்டுமே என்று யோசித்துத்தான் டிரைவுக்கு வந்தேன்.

சரி, கூகுளில் வைத்தால் பயமில்லையா? கோப்பு பூட்டியிருக்கிறது. அதற்கு மேல், சாவிக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. பெட்டகத்துக்கென்று வைக்கும் முதன்மைக் கடவுச்சொல்லோடு இந்தச் சிறிய கோப்பும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். அதை நான் டிரைவில் வைக்கவே இல்லை. கேபிள் வழியாக ஒவ்வொரு கருவிக்கும் நேரடியாக ஏற்றியிருக்கிறேன். டிரைவுக்குள் யாராவது புகுந்து பெட்டகத்தை அள்ளிக்கொண்டு போனாலும் கையில் பாதிதான் இருக்கும். 2022-இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு கடவுச்சொல் சேவையில் நடந்த திருட்டில் வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளே போய்விட்டன. பலவீனமான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டியிருந்தது. பிட்வார்டனில் இப்படிச் சாவிக் கோப்பு வைக்க வழியில்லை. நியாயமாகச் சொன்னால், லாஸ்ட்பாஸ் பூட்டாமல் விட்டிருந்த தள முகவரிகளையும் பிட்வார்டன் பூட்டித்தான் வைக்கிறது.

சாவிக் கோப்பைத் தொலைத்தால் கதை முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிராங்கின் மாலில் பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கும் முன், சாவிக் கோப்பு வேறு இடத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். என்னுடையது ஒரு பென்டிரைவில், வீட்டுப் பத்திரங்களோடு அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. முதன்மைக் கடவுச்சொல் எழுதிய காகிதம் வேறொரு உறையில். எனக்கு ஏதாவது ஆனால் ஊழியர் சேமநிதிக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் வீட்டார் திறக்க வேண்டுமே. பிட்வார்டனில் இதற்கென்றே அவசர அணுகல் வசதி இருக்கிறது, ஆனால் அதை ஏற்பாடு செய்ய காசு கட்டிய கணக்கு வேண்டும்.

வீட்டாரோடு பகிர்வதிலும் கணக்கு மாறுகிறது. பிட்வார்டனின் இலவசப் பகிர்வு இரண்டு பேருக்கு மட்டும். கணவன் மனைவிக்குப் போதும். நாங்கள் நான்கு பேர். யூனிஃபை இணையம், ஆஸ்ட்ரோ தொலைக்காட்சி, தெனாகா, தண்ணீர்க் கட்டணம் எல்லாம் ‘வீடு’ என்று இன்னொரு கோப்பில், வேறு கடவுச்சொல்லோடு இருக்கின்றன. என் சொந்தப் பெட்டகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கோலாலம்பூரில் இருக்கும் தங்கைக்கு இதையெல்லாம் விளக்கப் போனேன். “அண்ணே, எனக்கு ஒரு ஆப் போதும்” என்று பாதியிலேயே வெட்டிவிட்டாள். அவளிடம் இருப்பது ஐபோன். அதற்கும் கீபாஸியம், ஸ்ட்ராங்பாக்ஸ் என்று இந்தக் கோப்பைத் திறக்கும் செயலிகள் உண்டு. அவற்றை நான் அன்றாடம் புழங்கியதில்லை என்பதால் எடுத்துக்கொள் என்று அழுத்திச் சொல்ல மனம் வரவில்லை. பிட்வார்டனைப் போட்டுக் கொடுத்தேன், நன்றாகத்தான் ஓடுகிறது. பராமரிக்க ஆள் இல்லாத கைப்பேசிக்கு அதுவே சரி.

எதை எடுத்தாலும் முதலில் உள்ளே போக வேண்டியது வங்கிக் கடவுச்சொல் அல்ல, மின்னஞ்சலுடையது. வங்கிப் பரிவர்த்தனைக்கு இப்போது பெரும்பாலும் கைப்பேசிச் செயலியின் ஒப்புதலும் வேண்டும். மற்ற பல கணக்குகளுக்கோ மின்னஞ்சல் கையில் கிடைத்தாலே போதும், ‘மறந்துவிட்டேன்’ பொத்தானை அமுக்கி ஒவ்வொன்றாகத் திறந்துவிடலாம். முதன்மைக் கடவுச்சொல்லுக்குத் தொடர்பில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் கோத்து வைப்பது நல்ல வழி. ஆனால் ழகரத்துக்கு இரண்டு எழுத்தா ஒன்றா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னும் முடிவுக்கு வராதவர்கள் பிட்வார்டனிலேயே தொடங்கலாம். அங்கிருந்து ஜேசன் (JSON) கோப்பாக ஏற்றுமதி செய்தால், 2024-இல் வந்த 2.7.7 பதிப்பிலிருந்து கீபாஸ்எக்ஸ்சி அதை நேரடியாக உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஒன்று மட்டும்: ஏற்றுமதியின்போது பூட்டாத வகையைத் தேர்ந்திருந்தால், அந்த ஜேசன் கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் வெளிப்படையாகவே கிடக்கும். வேலை முடிந்த கையோடு அதை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.