கெட்டுப்போன புரொஃபைல்: வாலை வெட்டுவதா, புதுக் கணக்கா, பழைய எண்ணிலேயே புது வீடா?

போன மாதம் ஒரு காலையில் என் பழைய விண்டோஸ் 7 கணினியைத் திறந்தால், டெஸ்க்டாப் துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. நான் வைத்திருந்த படம் போய், நீல நிற ஆதிப் படம் வந்திருந்தது. ஐகான்களில் குப்பைத்தொட்டி மட்டும் மிச்சம். மூலையில் ஒரு சிறு அறிவிப்பு: தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள், இங்கே உருவாக்கும் கோப்புகள் வெளியேறும்போது அழிந்துவிடும். புரொஃபைல் என்பது ஒரு பயனரின் கோப்புகளும் அமைப்புகளும் சேர்ந்த தொகுப்பு.

2020 ஜனவரி 14 அன்றே ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்றால், என் ஸ்கேனருக்கு அதற்குப் பிந்தைய எதிலும் டிரைவர் கிடையாது. அவ்வளவுதான்.

முதலில் பதற்றம் வேண்டாம். கோப்புகள் எங்கும் போகவில்லை. சி டிரைவில் யூசர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பெயரில் இருக்கும் கோப்புறையில் எல்லாம் பத்திரமாக இருக்கும். அதற்குள் என்டியூசர்.டேட் என்று ஒரு மறைந்த கோப்பு உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் உங்களுக்கான பகுதியில் பெரும்பங்கு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. நுழையும் நேரத்தில் அதைத் திறக்க முடியாவிட்டால், விண்டோஸ் டெம்ப் என்ற பெயரில் ஒரு ஒட்டுத்திண்ணையைக் கட்டி உங்களை அங்கே உட்கார வைத்துவிடுகிறது. அங்கே எதையும் சேமித்து வைக்காதீர்கள்.

இதற்கு ஐந்து வைத்தியங்கள் சொல்வார்கள். முழுவதையும் அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது ஒன்று. ஒரு கோப்பு கெட்டதற்கு வீட்டையே இடிக்கும் வேலை என்பதால் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. கணினியின் அமைப்புகளை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் இன்னொன்று. கோளாறுக்கு முந்தைய மீட்புப் புள்ளி உங்களிடம் இருந்தால் அதையே முதலில் முயலுங்கள், மேற்கொண்டு இதைப் படிக்கத் தேவையே இல்லாமல் போகலாம். நான் வட்டில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எப்போதோ அதை அணைத்து வைத்திருந்தேன். மிச்சம் பிடித்த லட்சணம் அன்றைக்குத் தெரிந்தது.

மீதி மூன்றையும் வரிசையாகச் செய்து பார்த்துவிட்டேன். விருப்பத்தால் அல்ல, முதல் இரண்டும் காலை வாரியதால்.

முதலாவது, பலரும் சொல்லும் வால் வெட்டும் முறை. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, கரண்ட்வெர்ஷன் என்று இறங்கினால் புரொஃபைல்லிஸ்ட் வரும். அதற்குள் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்கள் இருக்கும், கணக்குக்கு ஒன்றாக விண்டோஸ் கொடுத்தவை. கோளாறான கணக்கின் எண் இரண்டு முறை தெரியும்: ஒன்று வெறுமனே, இன்னொன்று கடைசியில் .பேக் என்ற வாலுடன். வெறும் எண் டெம்ப் கோப்புறையைக் காட்டும். வால் உள்ளது உங்கள் நிஜக் கோப்புறையைக் காட்டும். வெறும் எண்ணுக்கு வேறு ஏதாவது ஒரு வாலை ஒட்டி ஒதுக்கிவிட்டு, நிஜத்தின் வாலை வெட்டி, உள்ளே ரெஃப்கவுண்ட், ஸ்டேட் என்ற இரண்டு மதிப்புகளையும் பூஜ்யமாக்கி, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். பத்து நிமிட வேலை.

எனக்கு உடனே பலித்தது. பழைய படம், ஐகான்கள், எல்லாம் வந்துவிட்டன. பதினோராம் நாள் காலை மறுபடியும் அதே நீலப் படம்.

வாலை வெட்டுவது எப்போது நிலைக்கும், எப்போது நிலைக்காது என்பதைச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. நான் அதைப் பார்க்காமல்தான் பதினோரு நாளைத் தொலைத்தேன். விண்டோஸ் தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவைத் திறந்து 1508 என்ற எண்ணைத் தேடுங்கள். அதன் விவரத்தில் வேறொரு செயல்பாடு கோப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று இருந்தால், வைரஸ் தடுப்பு மென்பொருள் போன்ற ஏதோ ஒன்று அந்த நொடியில் என்டியூசர்.டேட்டைப் பிடித்து வைத்திருந்தது என்று பொருள். கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. வாலை வெட்டினால் போதும். ரெஜிஸ்ட்ரி தரவுத்தளமே சிதைந்திருக்கிறது என்று எழுதியிருந்தால், வால் வெட்டுவது தலைவலிக்குத் தைலம் தடவுவதுதான்.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழைந்து, ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் யூசர்ஸ் கிளையைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் மெனுவில் லோட் ஹைவ் கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டுங்கள். திறக்க மறுத்தால் கதை முடிந்தது. திறந்தால், பார்த்து முடித்ததும் அன்லோட் செய்ய மறக்காதீர்கள். நீங்களே அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி நுழைய முயன்றால் அதே கோளாறு வரும். நான் மறந்தேன், வந்தது.

என் கோப்பு திறக்கவில்லை. வட்டைச் செக்டிஸ்க் கொண்டு சோதித்தபோது கெட்ட செக்டர்கள் சில கிடைத்தன. எந்த முறையில் இறங்கினாலும் அந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்துப் பயனில்லை.

இரண்டாவது, புதுக் கணக்கு. மைக்ரோசாஃப்டே சொல்லும் வழி இது. புதிதாக ஒரு பயனர் கணக்கு தொடங்கி, மூன்றாவதாக ஒரு நிர்வாகிக் கணக்கில் இருந்துகொண்டு, பழைய கோப்புறையில் உள்ளவற்றைப் புதியதற்குப் பிரதி எடுக்க வேண்டும், என்டியூசர்.டேட், அதன் லாக், என்டியூசர்.ஐஎன்ஐ ஆகிய மூன்றைத் தவிர. ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டியதே இல்லை. தொலைபேசியில் ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்ய வைக்கலாம் என்ற அளவுக்கு எளிது. நகர்த்தாமல் பிரதிதான் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள். பிரதி எடுத்தால் கோப்புகள் புது இடத்தின் அனுமதிகளை ஏற்கும். அதே டிரைவில் நகர்த்தினால் பழைய அனுமதிகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து தொல்லை கொடுக்கும்.

செய்தேன். படங்களும் ஆவணங்களும் வந்தன. குரோமைத் திறந்தேன், புக்மார்க்குகள் ஒன்று விடாமல் இருந்தன. சேமித்து வைத்த கடவுச்சொற்களைப் பார்த்தால் ஒன்றையும் காணோம். எல்லாத் தளங்களிலும் வெளியே தள்ளப்பட்டிருந்தேன். அதே கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் எதுவும் நடக்காததுபோல் எல்லாக் கடவுச்சொற்களையும் காட்டியது.

மூன்றாவது முறையை நான் தூக்கிப் பிடிப்பதற்கான முழுக் காரணமும் இந்த வேறுபாட்டுக்குள் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தன் பூட்டையும் சாவியையும் தன் கோப்புறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கோப்புறையைத் தூக்கிக்கொண்டு போனால் சாவியும் வந்துவிடும். குரோம் தன் சாவியை விண்டோஸிடம் கொடுத்துப் பூட்டி வைக்கிறது. விண்டோஸ் அதைப் பூட்டுவது உங்கள் கடவுச்சொல்லையும், எஸ்-1-5-21 என்று தொடங்கினேனே, அந்தக் கணக்கு எண்ணையும் கொண்டு. புதுக் கணக்கு என்றால் புது எண். பெயரும் கடவுச்சொல்லும் அச்சாக அதேதான் என்றாலும் எண் வேறு. பழைய கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் மறுபடி தொடங்கினாலும் பழைய எண் திரும்பாது; ஒருமுறை கொடுத்த எண்ணை விண்டோஸ் இன்னொரு முறை யாருக்கும் கொடுப்பதில்லை. விண்டோஸின் சொந்தக் குறியாக்கத்தால் பூட்டிய கோப்புகள் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: பிரதி எடுக்கவே விடாது.

நல்லவேளை, பழைய கணக்கை நான் அழித்திருக்கவில்லை. அழித்திருந்தால் இந்தக் கட்டுரையில் மூன்றாவது முறை என்று ஒன்றே இருந்திருக்காது.

அந்த மூன்றாவது முறை இதுதான்: கணக்கு அப்படியே இருக்கட்டும், எண்ணும் இருக்கட்டும், புரொஃபைலை மட்டும் விண்டோஸைப் புதிதாகக் கட்ட வைப்பது. கணினியை மறுபடி தொடங்கி நேராக வேறொரு நிர்வாகிக் கணக்கில் நுழையுங்கள். லாக் ஆஃப் மட்டும் செய்தால் பழைய கோப்புகள் சில இன்னும் பிடிபட்டே இருக்கும். யூசர்ஸ் கோப்புறையில் உங்கள் பெயருக்குப் பின்னால் .ஓல்ட் என்று சேர்த்துப் பெயரை மாற்றுங்கள். பிறகு புரொஃபைல்லிஸ்டை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு, உங்கள் எண்ணை, வாலோடும் வாலில்லாமலும் எத்தனை இருந்தாலும், நீக்கிவிடுங்கள். நீக்குவது புரொஃபைல் பற்றிய பதிவை மட்டுமே; கணக்கும் அதன் எண்ணும் வேறிடத்தில் பத்திரமாக இருக்கின்றன. மறுபடி தொடங்கி, உங்கள் பழைய பெயரிலேயே, பழைய கடவுச்சொல்லோடு நுழையுங்கள். டெஸ்க்டாப்பைத் தயார் செய்வதாகச் சொல்லிச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். டெம்ப் கோப்புறையில் விழும்போதும் இதே வாசகம்தான் வரும் என்பதால் எனக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது. இந்த முறை வந்தது உண்மையான புது வீடு.

இனி சாமான்களை ஏற்ற வேண்டும். மறுபடி தொடங்கி, நிர்வாகிக் கணக்கிலிருந்து .ஓல்ட் கோப்புறையில் உள்ளதை, முன்பு சொன்ன அந்த மூன்று கோப்புகளைத் தவிர்த்து, பிரதி எடுங்கள். டெஸ்க்டாப், ஆவணங்கள், படங்கள் ஆகியவை தெரிந்தவையே. பலரும் கோட்டை விடுவது ஆப்டேட்டா என்ற மறைந்த கோப்புறையில். அதற்குள் ரோமிங், அதற்குள் மைக்ரோசாஃப்ட் என்று போனால் புரொடெக்ட், கிரிப்டோ, சிஸ்டம்சர்டிஃபிகேட்ஸ், கிரெடென்ஷியல்ஸ் என்று நான்கு இருக்கும். சாவிக்கொத்து அங்கேதான் தொங்குகிறது. புரொடெக்டுக்குள் உங்கள் கணக்கு எண்ணின் பெயரிலேயே ஒரு கோப்புறை இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். மறைந்த கோப்புகளோடு சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால்தான் உள்ளே இருப்பவை தெரியும். குரோமின் கோப்புறை லோக்கல் பக்கம் இருக்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்ற உட்கோப்புறையில் உள்ள யூசர்கிளாஸ்.டேட்டை விட்டுவிடுங்கள். அதுவும் ரெஜிஸ்ட்ரியின் ஒரு துண்டு. மொத்தமாக ரோபோகாப்பி என்ற பிரதி எடுக்கும் கட்டளையைக் கொண்டு எடுப்பதானால் /XJ சுவிட்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அப்ளிகேஷன் டேட்டா போன்ற போலிக் கதவுகளுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. வேலையைச் சுலபமாக்கலாம் என்று நிர்வாகிக் கணக்கிலிருந்து உங்கள் கடவுச்சொல்லை மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் சேமித்த கடவுச்சொற்களும் சான்றிதழ்களும் போய்விடும் என்று விண்டோஸே எச்சரிக்கிறது, சும்மா மிரட்டவில்லை.

குரோமைத் திறந்தேன். கடவுச்சொற்கள் அத்தனையும் இருந்தன. ஸ்டிக்கி நோட்ஸில் இருந்த மூன்று மஞ்சள் சீட்டுகளும்கூட வந்துவிட்டன. அவை ரோமிங்கில் ஒரே ஒரு எஸ்என்டி கோப்பாக இருக்கின்றன என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி வராதவையும் உண்டு. அவுட்லுக்கின் அஞ்சல் கோப்பு கிடைக்கும், கணக்கு அமைப்புகள் கிடைக்காது. அவை கெட்டுப்போன ரெஜிஸ்ட்ரிக்குள் இருந்தவை. டாஸ்க்பாரின் அடுக்கு, மென்பொருள்களின் சொந்த விருப்பங்கள், தன் உரிம எண்ணை அந்தப் பகுதியில் எழுதி வைத்திருந்த ஒரு பழைய ஸ்கேனிங் மென்பொருள் ஆகியவற்றை மறுபடி சரிசெய்ய எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. புதுக் கணக்கிலும் இதே இழப்புதான் என்பதால் இதை மூன்றாவது முறையின் குறையாக நான் எண்ணவில்லை.

ஒரு வரம்பு: நான் இதைச் செய்தது தனிக் கணினியில், உள்ளூர்க் கணக்கில். அலுவலக டொமைனில், அதாவது ஒரு சர்வர் கணக்குகளை நிர்வகிக்கும் வலையமைப்பில், இணைந்த கணினியில் புரொஃபைல் சர்வரிலிருந்தும் வரலாம். அதில் நான் கைவைத்ததில்லை, அங்கே பொறுப்பாளரைக் கேட்காமல் புரொஃபைல்லிஸ்டைத் தொட மாட்டேன். கடவுச்சொற்களைக் கணினியில் சேமிக்கும் பழக்கமே இல்லாதவருக்கும், ரெஜிஸ்ட்ரி என்றாலே கை நடுங்குபவருக்கும் புதுக் கணக்கே போதும்.

.ஓல்ட் கோப்புறையை நான் இன்னும் நீக்கவில்லை. வட்டில் இரட்டை இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேற்றுகூட எழுத்துருக்கள் சிலவற்றைத் தேடி அதற்குள் போனேன்.