டேட்டா சேமிப்புக் கம்பெனிப் பங்குகளுக்கு ‘நீண்டகால அறிக்கை’ விற்பவர்களிடம் கவனம்

கம்ப்யூட்டரில் டேட்டாவைச் சேமிக்கிற ஹார்டு டிஸ்க், எஸ்.எஸ்.டி. தயாரிக்கும் கம்பெனிகளின் பங்கை “பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கலாம்” என்று சொல்லி ஆய்வறிக்கை விற்கிறார்கள். அப்படி ஓர் ஆலோசனை நிறுவனத்துக்குச் சந்தா கட்டினேன். அவர்கள் செய்த வேலையை மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அறிக்கை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உலகத்தில் டேட்டா வருஷா வருஷம் பெருகுகிறது, அதை எங்காவது வைத்தாக வேண்டும், ஆகவே இந்தக் கம்பெனிக்கு லாபம் நிச்சயம் என்பது வாதம். பி.இ. விகிதம் (பங்கு விலையை ஒரு பங்குக்கான வருஷ லாபத்தால் வகுத்தால் வருவது) வெறும் 6, டிவிடெண்டும் (பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கிற லாபம்) தாராளம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். டேட்டா ஏறுகிற வரைபடம் இருந்தது. ஒரு ஜிகாபைட்டின் விலை நீண்டகாலத்தில் இறங்கிவந்த வரைபடம் எங்குமே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய இரண்டில் ஒன்றை மட்டும் காட்டியிருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய மோசம் அந்த 6. இந்தத் தொழிலில் லாபம் அலை போல ஏறி இறங்கும். சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை எகிறும், லாபம் குவியும். உடனே எல்லோரும் உற்பத்தியைக் கூட்டுவார்கள், சரக்கு தேங்கும், விலை சரியும். உச்சத்தில் இருக்கிற வருஷத்து லாபத்தால் பங்கு விலையை வகுத்தால் எந்தப் பங்கும் மலிவாகத்தான் தெரியும். மெமரி சிப்பும் எஸ்.எஸ்.டி.யும் செய்கிற மைக்ரானைப் பாருங்கள். 2022 நிதியாண்டில் சுமார் 870 கோடி டாலர் லாபம், அடுத்த ஆண்டே 580 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் ஆலைகள் மூழ்கின. தட்டுப்பாட்டில் விலை ஏறியது. ஹார்டு டிஸ்க் கம்பெனியான சீகேட்டின் 2012 நிதியாண்டு லாபம் 286 கோடி டாலரைத் தொட்டது, மறு ஆண்டு 184 கோடிக்கு இறங்கிவிட்டது. எனக்கு விற்ற அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு வருஷத்துக் கணக்கு. அதுவும் உச்ச வருஷம்.

டிவிடெண்டும் அப்படித்தான். சீகேட் 2009இல் நிறுத்தி 2011இல்தான் மறுபடி கொடுக்க ஆரம்பித்தது. இன்னொரு ஹார்டு டிஸ்க் கம்பெனியான வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020இல் நிறுத்தியது. தேடினால் யாருக்கும் கிடைக்கிற தகவல். அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

அவர்கள் சொல்லி நான் வாங்கிய கம்பெனியும் டிவிடெண்டை நிறுத்தியது. போன் செய்தேன். “சார், இது தற்காலிகம்தான், இறங்கும்போது இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடுங்க” என்றார் பேசியவர். சரி, அறிக்கையை இன்னொரு தடவை படிப்போம் என்று அவர்கள் தளத்தைத் திறந்தால், 11ஆம் பக்கத்துக்கு அடுத்து 13ஆம் பக்கம். டிவிடெண்ட் உறுதியானது என்று எழுதியிருந்த 12ஆம் பக்கத்தைக் காணோம். அட்டையில் தேதி மட்டும் பழைய தேதி. நான் முதலிலேயே இறக்கி வைத்திருந்த பிரதியோடு ஒப்பிட்டு அனுப்பி, சந்தாவைத் திருப்பித் தரச் சொன்னேன். “பங்குச் சந்தை முதலீடு அபாயத்துக்கு உட்பட்டது” என்ற வழக்கமான வாசகம்தான் பதிலாக வந்தது. காணாமல் போன பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பங்கு இறங்கியதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த அறிக்கையை யாருக்கும் சொல்லாமல் திருத்தியது மோசடி.

இப்போது அட்டையில் ஏ.ஐ. என்று சேர்த்து, வேறொரு கம்பெனியின் பெயரைப் போட்டு, கிட்டத்தட்ட அதே வாசகங்களை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தத் துறையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹார்டு டிஸ்கில் இன்று பெரிய தயாரிப்பாளர்கள் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே பேர். போட்டி குறைந்தது நல்ல அம்சம்தான். ஆனால் ஒரு காலத்தில் ஏராளமான கம்பெனிகள் இருந்தன என்பதையும், அவற்றின் பங்கை வைத்திருந்தவர்கள் கதி என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். 2010இல் உலகம் முழுக்க சுமார் 65 கோடி ஹார்டு டிஸ்க் விற்றது, அதற்கப்புறம் அந்த எண்ணிக்கை திரும்ப வரவே இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டல் 2016இல் மெமரி கம்பெனியான சான்டிஸ்கை வாங்கி 2025இல் தனியாகப் பிரித்துவிட்டது. ஆகவே அதன் பழைய கணக்கை இன்றைய கம்பெனியோடு நேராக ஒப்பிட முடியாது. சரக்குக் கையிருப்பு விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்பதை ஒவ்வொரு காலாண்டும் பார்க்க வேண்டும். அந்தக் கையிருப்புக் கணக்கையும் அப்படியே நம்பிவிட முடியாது: 1980களின் கடைசியில் மினிஸ்கிரைப் என்ற கம்பெனி ஹார்டு டிஸ்க் பெட்டிகளில் செங்கல்லை அடைத்து அதையே சரக்காகக் கணக்குக் காட்டியது, பிறகு திவாலானது.

யாராவது உங்களுக்கு இப்படி ஓர் அறிக்கை விற்க வந்தால், நஷ்டம் வந்த வருஷத்தையும் சேர்த்துக் குறைந்தது பத்து வருஷ லாபக் கணக்கு, டிவிடெண்ட் நின்ற காலம், கையிருப்பு விவரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் அறிக்கையின் பி.டி.எஃப். பிரதியை இன்றைக்கே இறக்கி வையுங்கள், வந்த மெயில்களையும் அழிக்காதீர்கள். ஒழுங்குமுறை ஆணையத்துக்கு நான் கொடுத்த புகாரில் ஆதாரமாக இருப்பது அந்தப் பழைய பிரதி ஒன்றுதான்.