ஐபிஆர்எஸ் உறுப்பினர் சேவை: சேர்ந்தால் மட்டும் பணம் வராது

பாடல் வரிக்கும் மெட்டுக்கும் உரிய ராயல்டியை வசூலித்துப் பங்கிட்டுத் தரும் சங்கம் ஐபிஆர்எஸ் (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி). பாட்டு எழுதுகிறவரோ மெட்டுப் போடுகிறவரோ "ஐபிஆர்எஸ்ஸில் சேரலாமா?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: சேருங்கள். ஆனால் சேர்ந்த கையோடு பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். இந்தச் சேவையில் பாதி வேலை சங்கத்துடையது, பாதி வேலை உங்களுடையது. உங்கள் பாதி எது என்பதை விண்ணப்பப் படிவம் விளக்காது.

முதலில் எந்தக் கடையில் எது கிடைக்கும் என்பது தெரிய வேண்டும். சென்னையில் எல்லாவற்றையும் "யூனியன்" என்று ஒரே பெயரில் சொல்லிக் குழப்பிக்கொள்கிறார்கள். ரெக்கார்டிங்கில் வயலினோ தபேலாவோ வாசிப்பவருக்காகக் கால்ஷீட் கூலி பேசுவது, எம்.பி. ஸ்ரீனிவாசன் முன்னின்று உருவாக்கிய சினி மியூசிஷியன்ஸ் யூனியன். அது தொழிற்சங்கம், வேலைக்குக் கூலி, அதோடு கணக்கு முடிந்தது. அந்த ஒலிப்பதிவு பிற்பாடு ஓடும்போது பாடியவருக்கும் வாசித்தவருக்கும் சேர வேண்டிய பங்கைக் கேட்பது, 2013இல் இஸ்ரா என்று பதிவாகி இப்போது இசம்ரா என்று பெயர் மாறியிருக்கும் சங்கம். ஐபிஆர்எஸ்ஸின் எல்லை பாடல் வரியும் மெட்டும்தான். பாட மட்டும் செய்கிறவர் இங்கே வந்தால் வெறுங்கையோடுதான் திரும்புவார்.

வாத்தியக்காரர்கள் கவனிக்க ஒன்று உண்டு. படத்தில் தலைகாட்டிவிட்டுப் போகிற மாதிரி வாசித்து, தொழில் வழக்கப்படி டைட்டில் கார்டு உட்பட எங்கும் பெயர் போடப்படாத ஒருவரை, வாசிப்பைச் சிதைத்து நற்பெயரைக் கெடுப்பதைத் தடுக்கும் உரிமைக்குத் தவிர வேறெதற்கும் 'கலைஞர்' என்று பதிப்புரிமைச் சட்டம் கணக்கில் எடுக்காது. பெயர் போடச் சொல்லிக் கேட்பது வீண் பெருமை என்று நினைப்பவர்கள் அந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

ஐபிஆர்எஸ் தொடங்கியது 1969இல். 1977இல் கிழக்கிந்திய திரைப்படச் சங்கத்தோடு நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: காசு கொடுத்து மெட்டுப் போடச் சொன்ன தயாரிப்பாளரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர். அதே தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஓர் அடிக்குறிப்பு எழுதி, பாடுகிறவரைச் சட்டம் கண்டுகொள்ளாததைச் சுட்டிக்காட்டினார். அதற்குப் பிறகு 35 வருஷம். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் விடாமல் பேசி, 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. படத்திலோ ஆல்பத்திலோ இடம்பெற்ற பாட்டின் ராயல்டியில், உரிமையை வாங்கியவரோடு சரிபாதி பெறும் உரிமையைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இனி எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்க முடியும். தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இது பொருந்தாது. 'சகல உரிமைகளும் சகல காலத்துக்கும்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கி இருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். புதிய சட்டத்தின்படி சங்கம் மறுபடி பதிவானது 2017இல்.

சேர்வது ஆன்லைனில். பான், ஆதார், ரத்து செய்த காசோலை, வெளியான பாட்டுக்கு ஆதாரம், கட்டணம், பிறகு உரிமையைச் சங்கத்துக்கு ஒப்படைக்கும் பத்திரம். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சிக்கும் இடம் பெயர். ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்புக்கில் பின்னால், பானில் அப்பா பெயர் முழுசாக, பாட்டில் புனைபெயர் என்று ஒரே ஆள் நாலு ஆளாக நிற்பார். ஆவணப் பெயர்களை முதலில் ஒன்றாக்குங்கள். புனைபெயர்களை மறைக்காமல் எல்லாவற்றையும் படிவத்தில் கொடுங்கள். உலக அளவில் உங்களை அடையாளம் காட்ட உங்களுக்குத் தரப்படும் ஐபிஐ எண்ணோடு அவையும் சேர்ந்தால்தான், எந்தப் பெயரில் பாட்டு ஓடினாலும் கணக்கு உங்களிடம் வரும்.

ஒப்படைப்புப் பத்திரத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அதில் கொடுத்த உரிமையை அப்புறம் தனியாக வேறொருவருக்கு விற்க முடியாது. பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு ஏற்றித் தரும் டிஸ்ட்ரோகிட், ட்யூன்கோர் போன்றவை அனுப்பும் காசு ஒலிப்பதிவுக்கானது. அதற்கும் இதற்கும் சண்டை இல்லை. ஆனால் அங்கேயே, பாடல் வரிக்கும் மெட்டுக்குமான காசை வசூலிக்கும் 'பப்ளிஷிங்' சேவையையும் சேர்த்து டிக் அடித்திருந்தால் ஒரே வீட்டை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்ட கதைதான்.

இனி உங்கள் பாதி வேலை: பாட்டுகளைப் பதிவது. உறுப்பினரானவுடன் பாட்டுகள் தாமாகப் பதிவாகிவிடும் என்று நம்பி ஏமாறுகிறவர்களே அதிகம். ஒவ்வொரு பாட்டுக்கும் தனிப் பதிவு வேண்டும்.

'மாரியம்மா' என்று ஒரு பக்திப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பாட்டு ஓடியது என்று ரேடியோவும் ஆப்பும் அனுப்பும் பட்டியலில் அது மாரியம்மா என்று தமிழில் வராது. ரோமன் எழுத்தில் ஒற்றை 'ஏ' போட்டு ஒரு இடத்தில், இரட்டை 'ஏ' போட்டு இன்னொரு இடத்தில், 'ஒய்' இல்லாமல் வேறொரு இடத்தில் வரும். அதே தலைப்பில் வேறு பாட்டுகளும் நிச்சயம் இருக்கும். மாற்றுத் தலைப்புக் கட்டத்தில் இந்த எழுத்துக்கூட்டல்கள் அத்தனையும், பல்லவியின் முதல் வரியும் போக வேண்டும். ஒலிப்பதிவின் ஐஎஸ்ஆர்சி எண் 12 எழுத்து. ஆடியோ கம்பெனியிடமோ விநியோகத் தளத்திலோ கேட்டு வாங்கி அதையும் சேருங்கள். தலைப்பு எப்படி வந்தாலும் பாட்டை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். ரீமிக்ஸ், லைவ் வெர்ஷன் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு எண் இருக்கும்.

அடுத்தது பங்கு. பதிப்பாளர் (பாட்டின் உரிமையை வாங்கி வைத்திருப்பவர்) இருக்கும் பாட்டில் வழக்கமான கணக்கு பதிப்பாளருக்கு 50, இசைக்கு 25, பாடல் வரிக்கு 25. நிர்வாகச் செலவு போக 1,000 ரூபாய் வந்தால் 500, 250, 250. வரியை இரண்டு பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு 125. பதிப்பாளர் இல்லாத தனிப் பாட்டில் இசையும் வரியும் பாதிப் பாதி. இசையமைப்பாளர் ஒரு கணக்கும் பாடலாசிரியர் இன்னொரு கணக்கும் பதிந்து கூட்டுத்தொகை 100ஐத் தாண்டினால் தகராறு தீரும்வரை காசு நிற்கும். ரெக்கார்டிங் முடிந்த அன்றே அரைத்தாளில் பங்கை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை. மெட்டை ஆர்மோனியத்தில் எடுத்துக் கொடுத்தவர், ஒரு சரணத்தில் இரண்டு வரி மாற்றியவர், இவர்களுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதையும் அன்றே பேசிவிடுவது நல்லது. பாட்டு ஹிட்டான பிறகு எல்லோருக்கும் ஞாபக சக்தி கூடிவிடுகிறது. தெலுங்கிலிருந்து டப் ஆன பாட்டு தனிப் பதிவு, அதில் மூல ஆசிரியரின் பங்கையும் பார்க்க வேண்டும். பழைய நாட்டுப்புற வரியை எடுத்து முழுவதும் சொந்தம் என்று பதிவது வம்பை விலைக்கு வாங்குவது.

காசு எங்கிருந்து வரும் என்பதில் பலருடைய எதிர்பார்ப்பு தலைகீழ். பாட்டு அதிகம் காதில் விழும் இடங்கள் கல்யாண மண்டபமும் கோயில் திருவிழாவும். இரண்டுமே பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கில் வருகின்றன. ஊரே பாடுகிறது, பாஸ்புக் மட்டும் மௌனம் என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். பணம் டிவி, எஃப்எம், ஸ்ட்ரீமிங், ஹோட்டல், டிக்கெட் போட்ட கச்சேரி பக்கம். எஃப்எம் நிலையங்கள் கொடுக்க மறுத்து இழுத்த வழக்கில் 2023 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஐபிஆர்எஸ்ஸுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டது. தனி ஆளாக எந்தப் பாடலாசிரியரும் இந்த வழக்கை நடத்தியிருக்க முடியாது. உறுப்பினராவதற்கு எங்கள் கணக்கில் முதல் காரணம் அதுவே. மெல்லிசைக் கச்சேரிக்கு உரிமம் எடுக்க வேண்டியவர் நிகழ்ச்சியை நடத்துகிறவர். பாடிய பாட்டுகளின் பட்டியல் சங்கத்துக்குப் போய்ச் சேராவிட்டால் உங்கள் பாட்டு பாடப்பட்டதற்கு ஆதாரமே இல்லை.

தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்: பயன்படுத்தியவர் கட்ட வேண்டும், பட்டியல் அனுப்ப வேண்டும், அது பொருத்திப் பார்க்கப்பட வேண்டும். அறிக்கை வந்ததும் தொகையை மட்டும் பார்க்காமல் பாட்டுவாரியாகப் பாருங்கள். ஓடியது தெரிந்தும் அறிக்கையில் இடமே பெறாத பாட்டு இருந்தால் தேதி, நிலையம், ஐஎஸ்ஆர்சி மூன்றையும் போட்டு எழுதுங்கள். "என் பாட்டுக்குக் காசு வரவில்லை" என்ற பொதுவான மெயிலுக்குப் பொதுவான பதில்தான் வரும்.

வெளிநாட்டில் வசூல் அந்தந்த ஊர்ச் சங்கம்: பிரிட்டனில் பிஆர்எஸ், கனடாவில் சோகேன், சிங்கப்பூரில் காம்பஸ். டொராண்டோவில் இருந்து பாட்டு எழுதுகிறவர் ஏற்கெனவே சோகேனில் உலகம் முழுமைக்கும் எழுதிக் கொடுத்திருந்தால், அதிலிருந்து இந்தியாவை விலக்காமல் இங்கே சேர வழியில்லை.

பாட்டின் உரிமை எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் நிற்கும் என்பதால் வாரிசுகளும் உறுப்பினராகலாம். இறப்புச் சான்றிதழ், இ-சேவை மூலம் விண்ணப்பித்து வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். இவற்றைவிடக் கடினமானது பாட்டுப் பட்டியல். பழைய கேசட் அட்டை, ரெக்கார்டு உறை, பாட்டுப் புத்தகம் என்று அலமாரியில் இருப்பதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் பெயர் அச்சான பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.