அம்லோடிபினா, டெல்மிசார்டனா, தண்ணி மாத்திரையா? பிபி மாத்திரைங்கள எதிரெதிரா வச்சு பாப்போம்

"எனக்கு குடுத்திருக்கறது பவர் கம்மியான மாத்திரையா?" இதத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. முக்கியமான குரூப் எல்லாமே வழக்கமான டோஸ்ல மேல் அளவ சராசரியா 10 பாயிண்ட் கிட்டத்தான் இறக்கும், பெரிய ஏத்த இறக்கம் கிடையாது. வித்தியாசம்லாம் பக்க விளைவுலயும், கூட வேற என்ன வியாதி இருக்குங்கறதுலயும்தான்.

அம்லோடிபின்ல ஆரம்பிக்கலாம். ரத்தக்குழாய் சுவர்ல இருக்க தசை சுருங்கணும்னா கால்சியம் உள்ள போகணும், அந்த வழிய இது அடைச்சிடுது, தசை தளர்ந்து குழாய் விரியுது, பிபி இறங்குது. போட்ட மருந்துல பாதி உடம்ப விட்டு போகவே 30லேருந்து 50 மணி நேரம் ஆகும், அதனால ஒரு வேளை மறந்தாலும் பிபி சட்டுனு எகிறாது, மறதிக்காரங்களுக்கு இதுதான் தோது. பொட்டாசியத்தையும் கிட்னியையும் பெருசா தொந்தரவு பண்ணாது. தொல்லைன்னா கால் வீக்கம்தான். சாயங்காலம் சாக்ஸ கழட்டினா எலாஸ்டிக் தடம் ஆழமா பதிஞ்சிருக்கும், கணுக்கால்ல விரல வச்சு அமுக்கினா குழி விழும். 5 மி.கி.ல ஒண்ணும் இல்லாம இருந்தவங்களுக்கு 10 போட்டதும் வரும். இத பாத்துட்டு தண்ணி சேந்துடுச்சுன்னு தண்ணி மாத்திரை (யூரின் அதிகமா போக வைக்கற மாத்திரை) போட்டா பெருசா கேக்காது, ஏன்னா இது தண்ணி அதிகமானதால வர்ற வீக்கம் இல்ல. தமனிப் பக்கம் விரியுது, சிரைப் பக்கம் அந்த அளவுக்கு விரியல, நடுவுல இருக்க நுண்குழாய்ல அழுத்தம் ஏறி நீர் வெளிய கசியுது. டெல்மிசார்டன் மாதிரி ஒண்ண கூட சேத்தா சிரைப் பக்கமும் கொஞ்சம் திறக்கும், வீக்கம் குறையும். ரெண்டும் ஒரே மாத்திரைல வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். (இருந்தாலும் புதுசா கால் வீங்கினா இதயம், கிட்னி சரியா இருக்கான்னு டாக்டர் ஒரு தடவ பாத்துடணும்.)

அடுத்து பிரில் வெர்சஸ் சார்டன். ராமிப்ரில், எனலாப்ரில் எல்லாம் குழாய சுருக்கற ஆஞ்சியோடென்சின்-2 உருவாகறதையே தடுக்குது, லோசார்டன், டெல்மிசார்டன்லாம் உருவானது போய் வேலை செய்யற இடத்த அடைக்குது. பிரில் தடுக்கற அதே என்சைம்தான் பிராடிகைனின்னு ஒண்ண உடைக்கறதும், அது உடையாம தேங்கறதாலதான் பத்துல ஒருத்தருக்கு போல வறட்டு இருமல் வருது, சளி இருக்காது, தொண்டைல கிச்சுகிச்சுன்னு இருந்துட்டே இருக்கும், எத்தன இருமல் சிரப் குடிச்சாலும் நிக்காது, மாத்திரைய மாத்தினாத்தான் போகும். சார்டன்ல இந்த தொல்லை ரொம்ப கம்மி, அதனால புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு என் ஓட்டு சார்டனுக்குத்தான். ஆனா உதடு, நாக்கு, முகம் வீங்கினா எந்த குரூப்பா இருந்தாலும் அது எமர்ஜென்சி.

சுகரோட யூரின்ல புரோட்டீனும் போறவங்களுக்கு இந்த ரெண்டு குரூப்ல ஒண்ணுதான் முதல்ல. கர்ப்பமா இருந்தா ரெண்டுமே கூடாது. ஆரம்பிச்சு ரெண்டு வாரம் போல ஆனதும் ரத்தத்துல கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற அளவு), பொட்டாசியம் பாக்கணும், கிரியேட்டினின் கொஞ்சம் ஏறறது எதிர்பாத்ததுதான், 30 சதவீதத்துக்கு மேல போனாத்தான் யோசிக்கணும். சோடியம் கம்மின்னு விக்கற மாற்று உப்புல பொட்டாசியம் குளோரைடு இருக்கும், இந்த மாத்திரைங்களோட அத சேத்தா பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே கெடுத்துடும். பிரிலும் சார்டனும் சேத்து போட்டா டபுள் பலன்னு ஒரு காலத்துல நெனச்சாங்க, 2008ல வந்த ஆன்டார்கெட் ஆய்வுல கூடுதல் பலன் இல்ல, கிட்னி தொந்தரவுதான் ஜாஸ்தின்னு தெரிஞ்சுபோச்சு.

தண்ணி மாத்திரைய பழசுன்னு ஒதுக்க வேண்டாம். 2002ல வந்த ஆல்ஹேட் ஆய்வுல மாரடைப்ப தடுக்கறதுல குளோர்தாலிடோன்கற தண்ணி மாத்திரை அம்லோடிபினுக்கு கொஞ்சமும் சளைக்கல. ஆனா யூரிக் ஆசிட் ஏத்தும், கவுட் (யூரிக் ஆசிட் சேந்து மூட்டு வீங்கி வலிக்கறது) இருந்தா வேண்டாம். வயசானவங்களுக்கு சோடியம் இறங்கி குழப்பமா பேசறது, தள்ளாடறதுன்னு வந்தா முதல் சந்தேகம் இது மேல வரணும். காலைல போட்டுடுங்க, ராத்திரி பாத்ரூமுக்கு அலைய வேணாம். மத்த மாத்திரைங்க காலையா ராத்திரியாங்கறது உங்க வசதி.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகையறா (இதயத் துடிப்ப மெதுவாக்கற பீட்டா பிளாக்கர்) வெறும் பிபிக்கு முதல் சாய்ஸ் இல்ல, மாரடைப்பு வந்தவங்க, துடிப்பு பிரச்சனை உள்ளவங்களுக்கு ஓகே. ஆஸ்துமா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. திடீர்னு நிறுத்தவே கூடாது, நெஞ்சுவலி வரைக்கும் கொண்டு போயிடும்.

பிபி அடங்கலன்னா ஒரே மாத்திரைய டபுள் ஆக்கறத விட வேற குரூப்ல இன்னொண்ண சின்ன டோஸ்ல சேக்கறதுதான் நல்லா இறக்கும், பக்க விளைவும் கம்மி. சார்டனோ பிரிலோ கூட தண்ணி மாத்திரையும் போடறவங்க மூட்டுவலிக்குன்னு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென்ன தானா வாங்கி முழுங்காதீங்க, மூணும் சேந்தா கிட்னி படுத்துடும், பாரசிட்டமால் போதுமான்னு கேட்டுக்கோங்க. வாந்தி பேதின்னு உடம்பு வறண்டு போன நாள்லயும் இதே கதைதான், அன்னைக்கு மாத்திரைய போடறதா நிறுத்தறதான்னு டாக்டருக்கு ஒரு போன் போட்டுடுங்க.