கதைக்களம்: புதுவை வாய்க்காலா, வடலூர் அடுப்பா?

காதலும் நம்பிக்கையும் இழையோடும், இளையோருக்கான கொடுங்கோல் எதிர்காலக் கதைக்குப் புதுச்சேரியைக் களமாக்கினால் காதல் எளிதில் அமையும். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று வாய்க்கால் ஊரைப் பிரித்த வரலாறு கையிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு கரை போதும். நம்பிக்கைதான் வெறும் அலங்காரமாகிவிடும்.

கடலூர் மாவட்டத்து வடலூரையே நான் தேர்வேன். அங்கே நம்பிக்கைதான் கதையின் முதுகெலும்பு. 1867இல் வள்ளலார், பசித்தோருக்கு உணவிடும் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ‘பொது அடுப்பு கூடாது’ என்று அரசு ஆணையிடட்டும். பதினாறு வயதுப் பெண் மண்சட்டியில் சாம்பலுக்கடியில் தணலை மறைத்துக் கொண்டுபோகிறாள். காவலுக்கு நிற்பவன் அவள் நேசிப்பவன். சாம்பல் கூடினால் தணல் அவியும், குறைந்தால் விடிவதற்குள் எரிந்து தீரும். பதற்றத்துக்குத் துப்பாக்கியே வேண்டாம்.

பலர் சறுக்குவது தொடக்கத்தில்: சட்டதிட்டங்களைப் பத்துப் பக்கம் விளக்குவார்கள். ஒரு தடை, ஒரு தண்டனை போதும். மூன்றாம் பக்கத்துக்குள் அவள் மீறியாக வேண்டும்.