காற்றுத் தரம் காட்டும் மீட்டர் என்று 12,800 ரூபாயைத் தொலைத்த கதை

நேற்று ராத்திரிதான் முழு விவரமும் தெரிந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 12,800 ரூபாய்.

காரைக்குடியில் பழைய வீடு. அப்பத்தாவுக்கு இளைப்பு. முன்பு வளவை, அதாவது நடு முற்றத்தை, ஒட்டிக் காற்றோட்டமாகப் படுப்பார்கள். இந்த வெயிலுக்கு ஓர் அறையில் ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் அடைத்தோம். நாலு பேர் மூடிப் படுத்தால் கரியமில வாயு எவ்வளவு ஏறும் என்று பயம். ஒரு ஆன்லைன் கடையில் மீட்டர் ஒன்று 3,200, அறைக்கு ஒன்றாக நாலு.

வாங்கும் முன் அந்தக் கடைக்குப் போன் போட்டேன். “உள்ளே என்டிஐஆர் சென்சார்தான் அண்ணே, அகச்சிவப்புக் கதிரை வைத்து அளக்கும்” என்றான் கடைக்காரப் பையன். அப்பத்தாவைப் பற்றிச் சொன்னதும், “எங்க ஆயாவுக்கும் இளைப்புதாண்ணே” என்றான். அங்கேதான் விழுந்தேன். பார்சல் வந்ததும் முற்றத்தில் வைத்துப் பார்த்தேன், 412 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 412 பங்கு கரியமில வாயு. வெளிக்காற்றில் 420க்குப் பக்கம்தான் இருக்கும். வாயால் ஊதினால் 2,000 தாண்டியது. மனசு குளிர்ந்துபோச்சு.

ஏசி அறையில் விடியவிடிய 600ஐத் தாண்டவில்லை. சந்தோஷப்பட்டேன், மடையன். பத்து நாள் கழித்து அப்பத்தாவுக்கு ஊசி போட வந்த நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தார். 5,000! சிவப்பு விளக்கு, அலறல். ஸ்பிரிட் வாடைக்கும் கரியமில வாயுவுக்கும் என்ன சம்பந்தம்?

அத்தை மகன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன், கழற்றிப் பார்த்தான். என்டிஐஆரும் இல்லை, ஒன்றும் இல்லை. வாடைக்கு மசியும் சின்ன சில்லு ஒன்று. அதை வைத்துக் கரியமில வாயுவை உத்தேசமாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. தூசியை அளக்க லேசர், அதற்குக் காற்றை இழுக்கக் குட்டி விசிறி வேண்டும். அதுவும் இல்லை. அப்புறம் பிஎம் 2.5, அதாவது நுண்தூசி, என்று 35 காட்டியதே, அது யார் வீட்டுக் கணக்கு? சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே இருக்கிற ஊரில் யாரையும் கேட்காமல் வாங்கினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன் போட்டால், “முழுசா சார்ஜ் போடுங்க சார்.” அண்ணே போய் சார் ஆகிவிட்டது. மறுநாள், “24 மணி நேரம் வெளியே வைங்க.” அதற்கடுத்த நாள், “உங்க வீட்டுக் காற்றே அப்படித்தான் சார்.” கடைசியில், திருப்பி அனுப்ப 7 நாள்தான், அது முடிந்தது, கழற்றியதால் வாரண்டியும் கிடையாது. 12,800 ரூபாய்க்கு நாலு பொம்மைக் கடிகாரம்.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. விலை குறைவு என்பது மட்டும் குற்றமில்லை, உள்ளே என்ன சென்சார் என்று மாடல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். வந்த அன்றே ஸ்பிரிட் பஞ்சைப் பக்கத்தில் காட்டுங்கள், கரியமில வாயு எண் எகிறினால் உடனே திருப்பி அனுப்புங்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கடையிலிருந்து மெசேஜ்: ஐந்து நட்சத்திரம் போட்டால் 200 ரூபாய் கூப்பனாம்.